வலது முழங்கால்: 38

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி புத்தாண்டுக்கு ஆபீஸில் கொடுத்தது. ஐந்து மாதத்தில் இதில் நான் எழுதியது தண்ணீர் கேன்காரரின் போன் நம்பர் மட்டும். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், யாரிடமும் கேட்க முடியாத ஒரு கேள்வி. சொந்தத் தம்பிக்கு நூற்றுக்கு எத்தனை போடுவது?

என் வேலை அதுதான். சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனி, மொத்தம் பதினான்கு பேர். செல்போனில் ஆடும் கபடி கேம் செய்கிறோம். பெயர் 'நடுக்கோடு'. லீக்கில் ஆடும் எட்டு அணிகள், நூற்று நாற்பத்து நான்கு ஆட்டக்காரர்கள், எல்லோரும் அவரவர் பெயரோடும் முகத்தோடும் கேமுக்குள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓட்டம், மூச்சு, கை நீளம், கணுக்கால் பிடி, பதறாமை என்று இருபத்திரண்டு எண்கள். அவற்றைப் போடுகிறவன் நான். காலேஜ் முடிந்தும் சில வருஷம் கபடி ஆடியவன் என்பதால் என்னை எடுத்தார்கள். நான் படித்த சிவில் இன்ஜினியரிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த வேலையை ஊரில் எப்படி விளக்கியிருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன்.

என் தம்பி பூபதி சேலம் சுறாக்கள் அணியில் ரைடர். சேலத்துக்கும் சுறாவுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்கக் கூடாது. எதிரணிப் பக்கம் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்பி வருவது ரைடர் வேலை. பூபதிக்கு வயது இருபத்து நான்கு. போன வருஷம் அதிகப் புள்ளி எடுத்த மூன்று பேரில் ஒருவன்.

மற்ற ஏழு அணிகளும் முடிந்தன. சேலத்திலும் பதினேழு பேர் முடிந்தார்கள். பூபதி மட்டும் பாக்கி. எங்கள் டீம் லீடர் ஜெரால்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தம்பிங்கறதால கூடவும் போட்டுராதீங்க, கொறைக்கவும் வேண்டாம் நவநீதன். நாளைக்கு எவனாவது கேட்டா நாம பதில் சொல்லணும்."

"சரிங்க சார்" என்றேன். ஐந்தரைக்குக் கிளம்பி, வரும் வழியில் பைக்குக்கு ஆயில் மாற்றினேன்.

ஜூன் 5, புதன்

பூபதி போன் செய்தான்.

"எனக்கு எத்தனைண்ணா போட்டிருக்க?"

"இன்னும் போடல."

"தொண்ணூத்தஞ்சுக்குக் கொறைஞ்சா பேசவே மாட்டேன், பாத்துக்க."

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "காலு பரவால்லைண்ணா. நேரா ஓடுனா ஒண்ணுமே தெரியறதில்ல. சட்டுனு திரும்புனாத்தான்."

இதையும் எழுதி வைத்துவிடுகிறேன். மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரில், காங்கேயம் பக்கம், கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி நடக்கும். எந்தப் பக்கம் ஆடுவது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. தாலி கட்டிவிட்டால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். பூபதி அந்தப் பக்கம். லீக் ஒப்பந்தத்தில் வெளியே எங்கும் ஆடக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் ஊரே கூடி நின்று கூப்பிடும்போது என்ன செய்வான், இறங்கிவிட்டான். ஒரு பிடியில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. எழுந்து சிரித்துக்கொண்டே போனான்.

பத்து நாள் கழித்துக் கோவைக்கு வந்து ஸ்கேன் எடுத்தோம். ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. டாக்டர் ஆபரேஷன் என்றார். பூபதி இந்த சீசன் முடியட்டும் என்றான். இந்த ஒரு சீசன் நன்றாக ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு அவன் பெயர் போகும். ஊரில் ஆடிக் காலை உடைத்துக்கொண்டது தெரிந்தாலோ அணியிலிருந்தே எடுத்துவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அவன், நான், அந்த டாக்டர். அம்மாவுக்குத் தெரியாது. என் மனைவி தாரணிக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஆபீஸ் வினோதினி இரண்டாயிரம் பேரிடம் ஒரு கேள்வி கேட்டு பதில் வாங்கியிருக்கிறாள். நீங்கள் எந்த அணி, ஏன்? கேமை முதல்முறை திறக்கும்போது அணியைத் தேர்ந்தெடுக்கும் திரையை எப்படி அமைப்பது என்று முடிவு செய்வதற்காக.

பாதிப் பேர் சொந்த ஊர் என்று எழுதியிருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். மீதிப் பேர்தான் சுவாரசியம். ஒருவருக்குச் சட்டை மாம்பழக் கலரில் இருக்கிறதாம். இன்னொருவர் மாமனார் மதுரை அணி என்பதால் மதுரையோடு யார் மோதினாலும் அவர்கள் பக்கம். வேறொரு கேமில் கைதவறித் தஞ்சாவூரை அமுக்கிவிட்டு, மாற்றத் தெரியாமல் ஆடி ஆடி, இப்போது தஞ்சாவூர் தோற்றால் சாப்பாடு இறங்குவதில்லை என்று ஒரு பெண். எப்பவும் தோற்கிறார்கள், விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று ஒருவர். கேமில் எந்த அணிக்கு எண் அதிகமோ அதுதான் என் அணி என்று ஒரு புத்திசாலி. அதாவது அவர் யாரை ஆதரிக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்கிறேன்.

காரணம் என்ற இடத்தில் 'பூபதி' என்று மட்டும் எழுதியவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். அவன் தொட்டுவிட்டுத் திரும்பும்போது சிரிக்கிறான், அதற்காக என்று ஒரு பையன் விளக்கமே எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை வினோதினி என்னிடமும் கேட்டாள். "நீங்க எந்த டீம் சார்?"

"நெல்லை."

"உங்க தம்பி சேலமாச்சே?"

"நெல்லையில கார்னர் பிடி நல்லா இருக்கும்."

"டெஸ்ட் பண்றப்பக்கூட நீங்க எப்பவும் சேலத்துக்கு எதிராத்தான் ஆடறீங்க. நான் பார்த்திருக்கேன்."

டெஸ்ட் என்றால் பலமான அணியோடு மோதித்தான் பார்க்க வேண்டும் என்றேன். சின்னப் பெண், எல்லாவற்றையும் கேட்பாள்.

ஜூன் 13, வியாழன்

பூபதிக்கு எண்கள் போட்டாயிற்று. ஓட்டம் 94. திரும்பும் வேகம் 96. அவன் ஆட்டத்தைப் பார்த்த யாரும் இதைக் குறை சொல்ல முடியாது.

அதில்தான் சிக்கல் வந்தது. கம்ப்யூட்டரையே இரண்டு பக்கமும் ஆடவிட்டு ஆயிரம் ஆட்டம் ஓட்டிப் பார்ப்போம். நூற்றுக்கு எழுபத்தோரு ஆட்டம் சேலம் ஜெயித்தது.

"ஒரே டீம் ஜெயிச்சுட்டிருந்தா மத்த ஏழு டீமை எவன் எடுப்பான்? உங்க தம்பியைக் கொஞ்சம் எறக்குங்க" என்றார் ஜெரால்டு.

எதை இறக்குவது? ஓட்டத்தைக் குறைத்தால் அண்ணனுக்குப் பொறாமை என்பார்கள். காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு எண்களைத் தவிர, ஆடுகிறவர்களுக்குத் திரையில் காட்டாத சில கட்டங்கள் உண்டு. காயம் தாங்கும் திறன் என்று இரண்டு முழங்காலுக்கும் இரண்டு தோளுக்கும் தனித்தனியே. ஐம்பதுக்குக் கீழே போனால் இரண்டாவது பாதியில் அந்த ஆள் அடிக்கடி விழுவான். எல்லோருக்கும் எழுபது எண்பது என்று கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பியிருந்தேன். பூபதியின் வலது முழங்காலுக்கு 38 போட்டேன்.

மறுபடி ஆயிரம் ஆட்டம் ஓட்டினோம். சேலம் ஐம்பத்து நான்கு. ஜெரால்டு முதுகில் தட்டினார்.

"எப்படிங்க பண்ணீங்க?"

"அங்கங்க சின்னச் சின்னதா மாத்தினேன் சார்."

திரையில் வராத கட்டம். யாரும் பார்க்கப் போவதில்லை. அதோடு, அது பொய்யும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. 38-ஐ 45 ஆக்கலாமா என்று யோசித்தேன். ஆக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

கேம் வெளியானது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். பூபதி தன் முகத்தைப் பார்த்துவிட்டு மூக்கு யாருடையது என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருந்தான். அணியில் எல்லோரும் காலையிலிருந்து அதைத்தான் ஆடுகிறார்களாம்.

ஜூலை 6, சனி

ஊருக்குப் போனேன். அம்மா போனிலும் கேமை ஏற்றிக் கொடுத்தேன். எட்டுச் சட்டைகள் வரிசையாக வரும் அந்தத் திரைக்காக நாங்கள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அம்மா மற்ற ஏழையும் பார்க்கவே இல்லை. நேராக சேலத்தில் விரலை வைத்தார்.

மதியத்துக்குள் ஆட்டம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, எதிரணிப் பையன்களை "போடா அக்கட்ட" என்று அதட்டிக்கொண்டே ஆடினார். அரிசி களைந்தது அப்படியே கிடந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, ரெண்டாவது பாதியில பூபதி மட்டும் காலைப் புடிச்சுட்டு உக்காந்துக்கறான்? மத்த பசங்க யாரும் உக்காரலியே."

"கேம்தானம்மா. அது அப்படித்தான்."

"கேம்னாலும் நீதான சாமி போட்டது?"

கொல்லைக் குழாயில் வாஷர் போயிருந்தது. அதை மாற்றப் போய்விட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

'நொண்டி பூபதி' என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். கேமில் அவன் விழும் இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் சோகப் பாட்டு. ஒன்றரை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

பூபதி போனில் சிரித்தான். "என்னண்ணா இப்படி உக்கார வெச்சுட்ட? டீம்ல செமையா ஓட்டறாங்க." பிறகு கேட்டான். "யாருக்கும் சந்தேகம் வராதில்ல?"

"வராது" என்றேன்.

நாளை அவர்களுக்குப் பயிற்சி முகாம் ஆரம்பம்.

ஜூலை 19, வெள்ளி

திருப்பூரில் ஒரு காலேஜ் மாணவன் எங்கள் கேம் ஃபைலையே பிரித்து, மறைந்திருந்த கட்டங்களை எல்லாம் அட்டவணையாக இணையத்தில் போட்டுவிட்டான். நூற்று நாற்பத்து நான்கு பேரில் அறுபதுக்குக் கீழே ஒரே ஒருவன். பூபதி, இடது முழங்கால் 84, வலது முழங்கால் 38.

கேமின் கடைசித் திரையில் என் பெயர் ஊரோடு வருகிறது. எண் போட்டது அவன் சொந்த அண்ணன் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சொத்துத் தகராறா, சின்ன வயதில் சைக்கிள் தரவில்லையா என்று ஆளாளுக்குக் கிண்டல். ஜெரால்டு சந்தோஷமாக இருக்கிறார்.

"நல்ல விளம்பரம்ங்க. நீங்க எதையும் தொடாதீங்க. ரெண்டு நாள்ல தானா அடங்கிரும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. தாரணி என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

சட்டைக் கலர்களில் இருந்த பிழையைச் சரிசெய்து இன்று ஒரு அப்டேட் போக வேண்டியிருந்தது. அதோடு சேர்த்து, யாரிடமும் சொல்லாமல் 38-ஐ 82 ஆக்கி அனுப்பிவிட்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும். பல நாள் கழித்து இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஒன்றும் சரியாகவில்லை. அந்தத் திருப்பூர் மாணவன் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். நூற்று நாற்பத்து நான்கு பேரின் எண்களில் மாறியது ஒன்றே ஒன்று, ஏன் என்று எழுதியிருந்தான்.

நேற்று வரை கிண்டலாக இருந்தது. நான் மாற்றியதால்தான் அது கேள்வியாகிவிட்டது. சேலம் ரசிகர்கள் பக்கத்தில், அண்ணனுக்குத் தெரிந்தது அணி நிர்வாகத்துக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதன் கீழே எண்ணூறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஜெரால்டு என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"அப்ப அது நெசந்தானா?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நாள் முழுக்கக் கணக்கும் எண்ணுமாகவே இருக்கிற எனக்கு, தனியாக ஒரு எண்ணை மாற்றினால் அது கண்ணில் படும் என்று தோன்றவில்லை. பத்துப் பேருடைய எண்ணைச் சேர்த்து மாற்றியிருந்தால் ஒருவனும் கவனித்திருக்க மாட்டான்.

ஜூலை 24, புதன்

பூபதிக்கு ஒன்பது முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

எடுத்தான்.

"டீம் டாக்டர் நாளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாருண்ணா."

"நான் கெளம்பி வரட்டுமா? நான்தான் தெரியாம தப்பா போட்டுட்டேன்னு மேனேஜர்கிட்டச் சொல்றேன்."

"ஸ்கேன் மிசின்கிட்ட நீ வந்து என்ன சொல்லுவ?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அணி நிர்வாகத்துக்குக் கடிதம் ஒன்று அடித்தேன். மூன்று முறை அடித்து மூன்று முறை அழித்தேன். காலில் ஒன்றும் இல்லை என்று எழுதினால் நாளைக்கே பொய்யாகிவிடும். இருக்கிறது என்று எழுத நான் யார்? செய்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

பூபதியை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடல் தகுதியின்மை, ஒப்பந்த மீறல் என்று இரண்டு வரி. அரசாங்க வேலைப் பேச்சும் அதோடு போயிற்று. அவன் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டான். நானும் தாரணியும் போனோம்.

அம்மா தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் செய்திருந்தார். பூபதி எனக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தான். சாப்பிட்ட பிறகு அவன் காட்டுப் பக்கம் போய்விட்டான். அம்மா சமையலறையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு நீ புடிச்சியே, அப்பவா சாமி?"

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் அந்தத் தென்னமரத்துக்கிட்ட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அவன் உளுந்ததுக்கப்பறமும் நீ விடலியே, ஏன் விடலைன்னு அப்பவே நெனச்சேன்."

அவ்வளவுதான் கேட்டார். அடுப்பைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஜூன் 5 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'ஒரு பிடியில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிடித்தவன் யார் என்று எழுதவில்லை. நான்தான்.

நான்கு வருஷத்துக்கு முன் சேலத்தில் ஆள் எடுத்தபோது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். என்னைப் பிடிக்கிறவர்கள் வரிசையில் நிறுத்தினார்கள். அவனைப் பாடி வரச் சொன்னார்கள். ஆறு முறை வந்தான். ஆறு முறையும் என் கையில் சிக்காமல் போனான். சாயங்காலம் அவன் பெயரைப் படித்தார்கள். வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது, அதனால் நானே விலகி வந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். பூபதியும் ஆமாம் என்றான். இன்று வரை வேறு மாதிரி சொன்னதில்லை.

மாட்டுப் பொங்கலன்று அவன் கணுக்கால் முதல்முறையாக என் கைக்குள் வந்தது. ஊரே கத்தியது. அவன் விழுந்தான். முழங்கால் திரும்பியது என் கைக்கே தெரிந்தது. விசில் வர இரண்டு விநாடி ஆகியிருக்கும். விசில் வரும்வரை விடக் கூடாது என்பது விதி. விதிப்படித்தான் பிடித்திருந்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

புதன்கிழமை ஆபரேஷன். பிறகு ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில்தான் இருப்பான். ஹாலில் கட்டிலைப் போட்டோம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன். தாரணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

"ஏனுங்க, ஒருவாட்டியாவது அவருகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"எதுக்குன்னு கேக்கறது?"

அவள் போர்வையை மடித்துக்கொண்டே, "எத்தனை இருக்குதுங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக நடந்தது என்றார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

லீக் தொடங்கியது. முதல் ஆட்டமே சேலமும் நெல்லையும். பூபதி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். சேலம் ஒரு புள்ளி எடுத்தவுடன் கை தட்டினான். அவனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"உன்ன வேண்டாம்னு சொன்னவங்களுக்கு எதுக்கு சாமி கை தட்டற?"

"ஆடற பசங்க என்னம்மா பண்ணுவாங்க? நாலு வருசம் ஒரே ரூம்ல கெடந்திருக்கோம்."

அவன் இடத்தில் ஒரு நாமக்கல் பையன். பத்தொன்பது வயது. பயத்தில் மூச்சு பாதியிலேயே உடைந்தது. மூன்று முறை பிடிபட்டான். "எடது பக்கமா திரும்புடா, எடது பக்கமா" என்று பூபதி டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சேலம் ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அவன் இல்லாமலே ஜெயித்துவிட்டால் நான் செய்தது அவ்வளவு பெரிதில்லை என்று ஆகிவிடும் என்பதற்காகவா, அவன் முகத்துக்காகவா, எனக்கே தெரியவில்லை. அவன் ஆடிய நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை என்பது மட்டும் அப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு என்று நெல்லை ஜெயித்தது. அம்மா டிவியை அணைத்துவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சேலம் அணியின் புதிய பட்டியல் வந்தது. பூபதியின் வரியை எடுத்துவிட்டு நாமக்கல் பையனுக்கு எண் போட வேண்டும். நிச்சயமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. என்னை நேராகக் கேள்வி கேட்கிற ஒரே ஜீவன் அதுதான் இப்போது. மத்தியானம் வரை அப்படியே விட்டிருந்தேன். ஜெரால்டு வந்து என் தோளில் கை வைத்தார். அமுக்கினேன்.

வினோதினி டீ குடிக்கும்போது கேட்டாள். "அந்த இருநூத்திப் பதினோரு பேர் இனி எந்த டீமுக்கு சார் போவாங்க?"

"தெரியல."

"சேலத்துலயே இருப்பாங்களா?"

தெரியவில்லை என்றுதான் மறுபடியும் சொன்னேன். அவள் கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பிசியோ வந்து போனார். முழங்கால் இரண்டு வாரத்தில் தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்க வேண்டுமாம். அறுபதிலேயே நிற்கிறது. உள்ளே இறுகிக்கொண்டு வருகிறது என்றார். வெள்ளிக்கிழமை டாக்டர் பார்ப்பார். அதற்குள் மடங்காவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து அழுத்தி மடக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு ஆட்டம் என்பதை மறந்துவிட வேண்டியதுதான். இதைப் பூபதி எதிரிலேயே சொன்னார்.

பிளாஸ்டிக்கில் கோணம் பார்க்கும் ஸ்கேல் ஒன்றும் ஒரு நோட்டும் கொடுத்தார். தினமும் காலையில் காலை மடக்கி, அளந்து, நோட்டில் எழுத வேண்டும். தாரணிக்கு அவன் கத்துவதைக் கேட்க முடியாது. அம்மாவுக்கு ஸ்கேலில் இருக்கும் பொடி எண்கள் கண்ணுக்குத் தெரியாது. நான்தான் செய்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

நாளை டாக்டரிடம் போக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். அவன் மல்லாந்து படுத்தான். நான் ஒரு கையால் தொடையைத் தாங்கி, மறு கையால் காலை மெல்ல மடக்கினேன். முதல் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தான். பிறகு பேச்சு நின்றது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் அழுத்துண்ணா."

அழுத்தினேன். அவன் நெற்றியில் வேர்வை உருண்டது. கண்ணோரத்தில் ஈரம் வழிந்து காதுக்குள் போனது. அதற்கு மேல் கால் போகவில்லை. கதவு சாத்திய மாதிரி நின்றுவிட்டது. பயமாக இருந்தது. போதும் என்றேன். இன்னும் ஒருவாட்டி என்றான். மூன்று முறை அப்படி ஆயிற்று. கடைசியில் அவனே கையைக் காட்டினான். காலை அந்த மடக்கிலேயே நிறுத்தி ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு. நேற்று அறுபத்தொன்று.

"எத்தனை?"

கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவன் குரலில் இருந்த ஆசையை என்னால் தாங்க முடியவில்லை.

"எழுபத்தஞ்சு" என்றேன்.

அவன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். என் கையிலிருந்து ஸ்கேலை வாங்கினான். தானே முழங்காலில் வைத்து, குனிந்து பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு அதைப் பக்கத்தில் வைத்தான்.

"இப்பத்தான் எனக்குக் கூட்டிப் போடணும்னு தோணுதாண்ணா உனக்கு?"

சொல்லிவிட்டு, நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான். அறுபத்திரண்டு என்று எழுதினேன்.